ரங்கூன் – கல்கத்தா: நான்கு மணி நேரம்

எந்த விமான நிலையத்திலிருந்து எந்த விமான நிலையத்துக்கு எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று கேட்டாலும் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்காவிடமிருந்து பதில் உடனே வரும். பம்பாயிலிருந்து லண்டன் நாலாயிரத்து ஐந்நூறு மைல்; கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி ஏறினால் முழுசாக ஒரு நாள். திருச்சியிலிருந்து கொழும்பு இரண்டு மணி நேரத்துக்குள். ஆனால் ரங்கூனிலிருந்து கல்கத்தா எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் மட்டும், காதில் விழாதவள் போல டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகத் தொடங்கிவிடுவாள்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் எங்கள் கப்பல் ஏஜென்சி இருந்தது. கொழும்புக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட்டு கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கல்கத்தாவிலும் ரங்கூனிலும் கிளைகள் உண்டு. யுத்தம் முடிந்த பிறகு, கேட்கிறவர்களுக்கு விமானத்தில் இடம் பிடித்துக் கொடுக்கவும் ஆரம்பித்தோம். எங்களில் ஒருவர்கூட விமானத்துக்குள் ஏறிப் பார்த்ததில்லை. விமானக் கம்பெனிகள் தபாலில் அனுப்பும் நேர அட்டவணைகளை நாங்கள் வேர்க்கடலை மடிக்க எடுத்துக்கொள்வோம். அக்கா வந்த பிறகு அது நின்றது. ஒவ்வொன்றையும் அவள் ஊசி நூலால் தைத்து வைத்துக்கொண்டாள். மேஜையில் ஒரு பழைய அட்லஸ் இருக்கும். நூலை இரண்டு ஊருக்கு நடுவே இழுத்துப் பிடித்து, கீழே உள்ள அளவுகோலில் வைத்துப் பார்ப்பாள். பிறகு பென்சிலால் ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொள்வாள்.

கொழும்புக்குப் போக வந்த காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர், "கப்பல் எத்தனை மணிக்கும்மா போய்ச் சேரும்?" என்று கேட்டார்.

"மறுநா காலையில போயிரும். ஆனா திருச்சியில காலைப் பிளேன் ஏறினா, அன்னைக்கே மத்தியான லுஹர் தொழுகைக்கு முந்தி நீங்க அங்கன இருக்கலாம்" என்றாள் அக்கா.

"அம்புட்டு அவசரமா நான் போறது எம் மருமவனுக்குப் புடிக்காது" என்று அவர் சிரித்தார். உள்ளே இருந்து மானேஜர், "நாம விக்கிறது கப்பல் டிக்கெட்டும்மா" என்று சத்தம் கொடுத்தார். அது தினமும் நடப்பதுதான்.

என் மேஜை அவள் மேஜைக்கு அடுத்தது. அப்போது எனக்கு முப்பது வயது. அவளுக்கு என்னைவிட ஆறேழு வயதுதான் கூடுதல் இருக்கும். ஆனால் தலை முழுக்க வெளுத்திருந்தது. வெள்ளைச் சேலையும், ஆண்கள் போடும் கான்வாஸ் சப்பாத்தும்தான் எப்போதும். காலில் சில விரல்களுக்கு நகம் கிடையாது. சாயர்புரம் பக்கத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கல்யாணமாகி ரங்கூனுக்குப் போனவள், அங்கே ஒரு பெரிய அரிசிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாளாம். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களில் அவளும் ஒருத்தி. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புருஷனைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ அவள் பேசியதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவள் மறக்க மாட்டாள். அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சரக்குக் கணக்கு பார்த்த ஒரு கிளார்க்கு, அக்கா வந்த புதிதில், "பர்மாவுலருந்து நடந்து வந்த காலு, பஜாருக்கு நடக்க வலிக்குதாக்கும்" என்று எல்லார் முன்னாலும் கேலி பேசினான். அக்கா சிரித்துக்கொண்டாள். ஏழெட்டு மாதம் கழித்து அவன் மாமியார் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. கடல் பயணம் ஒத்துக்கொள்ளாத உடம்பு. காற்றோட்டமான இடமாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னான். அக்கா சரி என்று தலையாட்டினாள். இயந்திர அறையை ஒட்டிய இடத்தைக் கொடுத்தாள். அந்தக் கிழவி கொழும்பு போய்ச் சேருகிறவரை குடல் புரள வாந்தி எடுத்தாளாம். கிளார்க்கு வந்து கத்தியபோது அக்கா நிதானமாகச் சொன்னாள்: "நீ எங்காலப் பத்திப் பேசினது ஒரு புதன்கிழமை. பக்கத்துல மூணு பேரு நின்னாவ. பேரு சொல்லட்டா?"

நான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் கிழவியின் ஞாபகம் வந்தது. அவள் என்ன பாவம் செய்தாள் என்று தோன்றியது. ஆனாலும் அக்காவிடம் எனக்கிருந்த பிரியம் குறையவில்லை.

பர்மாவிலிருந்து வந்தவர்கள் யார் ஆபீசுக்கு வந்தாலும், வேலை முடிந்ததும் அக்கா ஒரு பெயரைச் சொல்லி, "அவிய இப்ப எங்கன இருக்காவன்னு தெரியுமா?" என்று கேட்பாள். அவள் வேலை பார்த்த அந்த அரிசிக் கம்பெனியில் பெரிய கிளார்க்காக இருந்தவர் பெயர். யாருக்கும் தெரியாது. ஒருநாள் நான், "சொந்தக்காரவியளா அக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா. ரொம்ப வேண்டியவிய" என்றாள்.

நான் நம்பினேன். கல்கத்தாவுக்குச் சங்கு மூட்டை அனுப்புகிறவர்களிடமும், கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடமும் அவளுக்காக நானும் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம்.

நாற்பத்தொன்பதின் தொடக்கத்தில் ரங்கூனைச் சுற்றி மறுபடி சண்டை மூண்டது. இந்தத் தடவை உள்நாட்டுச் சண்டை. சாலையும் ரயிலும் கிடையாது, கப்பலில் இடமும் கிடைக்கவில்லை. எங்கள் ரங்கூன் கிளைக்குக் கல்கத்தா விமானத்தில் கொஞ்சம் இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். இங்கிருந்து தந்தி போனால் அங்கே இடம் போடுவார்கள். தினமும் பத்துப் பேராவது ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை ரங்கூனிலிருந்து தந்தி வந்தது. ஒரு மனுவுக்கு மூன்று இடம் ஒதுக்கியாகிவிட்டது, உறுதி செய்யவும் என்று இருந்தது. மனுவை மானேஜர் நேரடியாக வாங்கி அனுப்பியிருந்தார். அதில் இருந்த பெயர்களை அக்காவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தந்தியைப் படித்துக் கட்டோடு சேர்த்து வைத்தது நான்.

பத்து மணி வாக்கில் அந்த மனுவைக் கொடுத்தவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் மடித்த குடை. யுத்தம் முடிந்ததும் குடும்பத்தோடு ரங்கூனுக்குத் திரும்பிப் போய்த் தனியாக அரிசி வியாபாரம் வைத்திருந்தாராம். இங்கே சரக்கு வைக்கக் கிட்டங்கி எடுக்க வந்த இடத்தில் சண்டை தொடங்கிவிட்டது. மனைவியும் மகனும் மகளும் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அக்காவின் மேஜை முன்னால் உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னார்.

எனக்குச் சந்தோஷத்தில் நாற்காலியே நகர்ந்துவிட்டது. "அக்கா, நீங்க தேடின…" என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, அந்தத் தந்திய இங்கன கொண்டா" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதை வாங்கிப் படித்துவிட்டு அட்லசுக்கு அடியில் வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக இருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"மூணு எடம் கேட்டிருந்தேம்மா. பதில் வந்துட்டா?"

"வந்துட்டு, அண்ணாச்சி. ஒரு எடந்தான் தருவாவளாம்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஒண்ணா? மூணு பேருல்லா இருக்காவ! அடுத்த பிளேனு எப்ப?"

"சொல்ல முடியாது. மிங்களாடான் விமான நிலையத்துப் பக்கமே குண்டு விழுதாம். இதுதான் கடைசியோ என்னமோ." ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "மூணு பேரையும் உங்க கையால எழுதுங்க. யாரு வரணுமோ அவிய பேர விட்டுட்டு மத்ததை அடிச்சுக் குடுங்க. நான் அடிச்சா சரியா இருக்காது."

அவர் எழுதினார். மனைவி, மகன், மகள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாயைத் திறந்து 'மூன்று இடம் இருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. சொல்லவில்லை. அக்கா என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவளுக்கு எதிராகப் பேசவும் வாய் வரவில்லை.

கடைசியில் அவர், "ரூல் தடி இருக்காம்மா?" என்று கேட்டார். அக்கா எடுத்துக் கொடுத்தாள். மனைவி பெயர் மேலே ஒரு கோடு, மகள் பெயர் மேலே ஒரு கோடு. இரண்டும் நேராக இருந்தன.

"பையன் வந்தாப் போதும். பொம்பளையள யாரு என்ன செய்யப் போறா? கோயில்ல கீயில்ல ஒதுங்கிக்கிடுவாவ" என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். பிறகு ரூல் தடியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "எம்புட்டு நேரத்துல கல்கத்தா வந்து சேருவான்?" என்று கேட்டார்.

"அறுநூத்தி நாப்பது மைலு" என்றாள் அக்கா. "நாலு மணி நேரம்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அக்கா அந்தத் தாளை இரண்டாக மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பிறகு என்னிடம் சொன்னாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

நாற்பத்திரண்டு பிப்ரவரியில் அவள் புருஷனுக்கு விஷக்காய்ச்சல். எழுந்து நிற்க முடியாது. மகளுக்கு ஆறு வயது. நோயாளிகளையும் குழந்தைகளையும் கல்கத்தாவுக்கு அனுப்பக் கம்பெனிக்கு விமானத்தில் சில இடங்கள் கிடைத்தன. மேலே இருந்தவர்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டியலை டைப் அடித்தவள் அக்காதான். தனக்கு இடம் கேட்கவில்லை. நடந்து போகிற கூட்டத்தோடு போய்க்கொள்வதாக இருந்தாள். புருஷனைக் கைவண்டியில் வைத்து, பிள்ளையை நடத்தி, விமானத் திடலுக்குக் கூட்டிப்போனாள். பெயர்களைக் கூப்பிட்டார்கள். இவர்கள் இருவர் பெயரும் வரவில்லை. பெரிய கிளார்க்கின் தம்பி ஏறினான். அவன் பக்கத்தில் துணி சுற்றிய ஒரு தையல் மெஷினை ஏற்றினார்கள்.

"கிட்டப் போயி பட்டியலப் பாத்தேன். நான் அடிச்ச தாளுதான். எங்க வீட்டு ரெண்டு பேரு மேலயும் மையில கோடு போட்டிருந்திச்சு. ஓடிப்போயிப் பெரிய கிளார்க்குட்ட கேட்டேன். 'காய்ச்சக்காரன் எப்படியும் பொழைக்க மாட்டான். பிள்ளைய நீ தூக்கிட்டு நடந்துருவ'ன்னாவ."

புருஷன் மலைப்பாதை தொடங்குவதற்கு முன்னாலேயே போய்விட்டான். பிள்ளை மலையைத் தாண்டி, கடல் தெரிகிற இடம் வரை வந்தது. அங்கே காலரா.

"எழுவத்தொரு நாளு நடந்தேன்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. தந்திப் படிவத்தை எடுத்து டைப்ரைட்டரில் செருகினாள்.

நான் எழுந்து அவள் பக்கத்தில் போனேன். "அக்கா, அவரு மவள விட்டுட்டு…" என்றேன்.

"என்னலே?" என்று திரும்பினாள். "மூணு பேருக்குந்தான் அடிக்கேன். நான் அவரில்ல."

"அப்ப அந்தத் தாளு எதுக்கு?"

"அவரு கையெழுத்து எனக்கு வேணும்."

பத்து நாளில் கல்கத்தாவிலிருந்து மகன் தந்தி கொடுத்தான். மூன்று பேரும் பத்திரம். அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு பொட்டலம் மக்ரூனை மேஜையில் வைத்து, "எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி மூணாக்கிட்டியளேம்மா. நீங்க தெய்வம்" என்று கண்ணீர் விட்டார். அது பொய்யழுகை இல்லை. அக்கா, "அவியள ஒருநா இங்கன கூட்டிட்டு வாங்க, பாக்கணும்" என்றாள். மக்ரூனை நாங்கள் சாப்பிட்டோம். அவள் தொடவில்லை.

கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி ஒல்லியான, சாந்தமான அம்மாள். மகனுக்கு இருபது வயதிருக்கும். மகளுக்குப் பதின்மூன்று, இரட்டைச் சடை போட்டு, அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்" என்று அக்கா இழுப்பறையைத் திறந்தாள். மடித்த தாளை அந்த அம்மாளிடம் கொடுத்தாள். அம்மாள் பிரித்தாள். மகளும் எட்டிப் பார்த்தாள்.

அடித்த இரண்டு பெயர்களுக்குக் கீழே அக்கா தன் புருஷன் பெயரையும் மகள் பெயரையும் டைப் அடித்து வைத்திருந்தாள்.

"இது அவிய எழுத்துல்லா?" என்று அம்மாள் கேட்டாள்.

"அவிய எழுத்துதான். ஒரு எடந்தான் இருக்குன்னு சொன்னேன். உங்களையும் இந்தப் பிள்ளையையும் அடிச்சாவ. ரூல் தடி கேட்டு வாங்கி அடிச்சாவ."

அவர் தாளைப் பிடுங்கினார். கீழே இருந்த பெயர்களைப் படித்தார். அப்போதுதான் அக்காவை உண்மையில் பார்த்தார். "ஒரு எடந்தான்னு நீதான சொன்ன?" என்றார்.

"மூணு இருந்திச்சு, அண்ணாச்சி. அன்னைக்கும் எம் புருசனுக்கும் பிள்ளைக்கும் எடம் இருந்திச்சு. உங்க தம்பியையும் தையல் மெஷினையும் ஏத்திவிட்டிய."

அந்த அம்மாள் மெதுவாக, "நம்ம வீட்டு மெஷினா?" என்று கேட்டாள். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவர் பின்னால் ஓடினார். வாசலில் அவர் மகளின் தோளைத் தொட்டதும், அந்தப் பிள்ளை சுட்டுக்கொண்டதுபோல் விலகியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். அன்று முழுக்க அவள் ஒரு தப்பும் இல்லாமல் டைப் அடித்தாள்.

தாயும் மகளும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே உடன்குடியில் பிறந்த வீட்டுக்குப் போனார்கள். மகன் ஒரு மாதம் அப்பாவோடு இருந்துவிட்டு அவனும் போய்விட்டான். அவர் மூன்று தடவை போய்க் கூப்பிட்டாராம். அம்மாள் சோறு போட்டாளாம், கூட வரவில்லை. ஊரில் விஷயம் தெரிந்துவிட்டது. என் மூலமாகவும் தெரிந்தது, நான் மறைக்கவில்லை.

ஆறு மாதம் இருக்கும். ஒருநாள் மத்தியானம் அந்தப் பிள்ளை ஆபீசுக்கு வந்தது. பஸ்ஸில் வந்திருக்கிறது, மாமாவோ யாரோ வெளியே நின்றார். நேரே அக்காவிடம் வந்தது.

"அந்தத் தாள எங்கம்மாட்ட தனியாக் குடுத்திருக்கலாம்லா?"

"குடுத்திருக்கலாம்" என்றாள் அக்கா.

"நானும் பாக்கணும்னுதான அன்னைக்குக் குடுத்தீய?"

"ஆமா."

"எங்கப்பா செஞ்சது தப்புதான். நான் என்ன செஞ்சேன்? எங்கப்பா மொகத்த இப்ப என்னால ஏறிட்டுப் பாக்க முடியல."

அக்கா டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தாள். "நீ ஒண்ணுஞ் செய்யல, ஏளா" என்றாள். "எம் பிள்ளையும் ஒண்ணுஞ் செய்யல."

அந்தப் பிள்ளை இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றது. வரவில்லை. போய்விட்டது. அது சாலையைக் கடந்து மறைகிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்ன வார்த்தை? நீயே சொல்லு."

நான் என் மேஜையில் கிடந்த டிக்கெட்டுக் கட்டைப் பிரித்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது அக்கா அட்லசையும் அட்டவணைகளையும் எடுத்துத் தரையில் அடுக்கிவைத்திருந்தாள். அந்தப் பிள்ளையின் அப்பாவுடைய கிட்டங்கி எங்கள் ஆபீசைத் தாண்டி இருந்தது. தினமும் பத்து மணிக்குக் குடையோடு அந்தச் சாலையில்தான் நடந்து போவார். "தம்பி, இந்த மேஜைய சன்னலுக்கிட்டப் போடணும்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவள் அந்தச் சன்னலில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தாள். பத்து மணியானால் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்ப்பாள். அவர் முதலில் எதிர்ப்பக்கமாக நடந்து பார்த்தார். பிறகு குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனார். கடைசியில் ரயில்வே சரக்குக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். அவர் இறந்த செய்தி வந்த அன்றைக்கும் அக்கா பத்து மணிக்கு நிமிர்ந்து சாலையைப் பார்த்தாள்.

மேஜையை நகர்த்தச் சொன்ன அன்று என்னால் மறுத்திருக்க முடியும். வேலை இருக்கிறது, ஆள் வரட்டும் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். முந்தின நாள் அந்தப் பிள்ளை நின்ற இடம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. அது தேக்கு மேஜை, ஒருவரால் அசைக்க முடியாது. அக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு மறுமுனையைப் பிடித்தேன்.